ஒரு நாள், மூன்று இடம், 28 குழந்தைகள்: சம்மதம் சொல்லலாமா?

கேள்வி: இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். வகுப்பில் 28 குழந்தைகள். சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர் பள்ளிக்கு வந்து 'கல்விச் சுற்றுலா பேக்கேஜ்' என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அருங்காட்சியகம், மிருகக்காட்சி சாலை, கோளரங்கம் மூன்றும் ஒரே நாளில். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை நாலுக்குத் திரும்பலாமாம். எட்டுப் பக்க ஒர்க்ஷீட்டும் அவர்களே தருகிறார்கள். தலைமையாசிரியர் என் சம்மதம் கேட்கிறார். பெற்றோர் சிலரோ, "ஒரு நாள் பாடம் போகிறதே, இதில் என்ன படித்துவிடப் போகிறார்கள்?" என்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. சரி என்று சொல்லட்டுமா?

பதில்: சொல்லாதீர்கள், அம்மா. வெளியே அழைத்துப் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. இந்தப் பேக்கேஜ் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று கேட்டால், முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எட்டு மணி நேரம். அதில் பஸ்ஸுக்கு மூன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என்று வையுங்கள். மீதி நாலு. இப்போது கழிப்பறை. இரண்டு கதவுதான் இருக்கும். ஜிப்பு, பட்டன், கை கழுவுவது, கை கழுவும்போது தண்ணீரில் விளையாடுவது எல்லாம் சேர்த்து ஒரு குழந்தைக்கு மூன்று நிமிடம். 28 பேருக்கு 42 நிமிடம் ஆயிற்று. நாளில் இரண்டு தடவை என்றால் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. மிச்சமுள்ள இரண்டரை மணியை மூன்று இடத்துக்குப் பங்கு போட்டால் இடத்துக்கு 50 நிமிடம். அதிலும் டிக்கெட் வரிசை, செருப்பு அறுந்தது, தலை எண்ணியது என்று பாதி போகும். 25 நிமிடத்தில் ஏழு வயதுக் குழந்தை ஒரு யானையைக்கூடப் பார்த்து முடிக்காது. அது காதை ஆட்டுகிறதா என்று பார்க்கவே பத்து நிமிடம் நிற்கும்.

பஸ்ஸில் கிடைக்கும் நேரத்தைக் கற்றல் நேரமாகக் கணக்குக் காட்டும் ஏற்பாட்டாளர்களையும் பார்த்திருக்கிறேன். வழியில் ஆறு, பாலம், மலை எல்லாம் 'கவர்' ஆகிறதாம். ஆகும்தான், தூங்கும் குழந்தைகளுக்குப் பக்கத்தில்.

இன்னொன்று. புது இடத்துக்குப் போன குழந்தை முதலில் பாடத்தைப் பார்க்காது, இடத்தைப் பார்க்கும். கழிப்பறை எங்கே, எங்கே உட்காருவோம், அந்தக் காவலாளி திட்டுவாரா, எப்போது வீட்டுக்கு? இதெல்லாம் தெரியும்வரை நாம் காட்டுவது எதுவும் உள்ளே இறங்காது. அமெரிக்காவில் ஜான் ஃபாக்கும் அவர் கூட்டாளிகளும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பழகிய சூழலில் இருந்த பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டார்கள்; பழகாத சூழலுக்கு வந்தவர்களின் கவனம் சூழலின் மீதே போனது. உங்கள் பேக்கேஜில் ஒரே நாளில் மூன்று புது இடம். குழந்தை ஒரு இடத்தோடு பழகி முடிப்பதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிடும்.

நானும் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவள்தான். ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் 40 குழந்தைகளை ஒரு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன், கையில் ஆளுக்கொரு ஒர்க்ஷீட்டோடு. பெரிய எலும்புக்கூடு ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு, 40 தலைகளும் குனிந்தே இருந்தன. வேகமாக எழுதும் பையன் ஒருவன் எழுதி முடித்தான். மற்ற 39 பேரும் அவனைப் பார்த்து எழுதினார்கள். அவன் தப்பாக எழுதியிருந்ததால் 40 தாளிலும் ஒரே தப்பு. மறுநாள், நேற்றுப் பார்த்ததை வரையுங்கள் என்றேன். எலும்புக்கூட்டை வரைந்தது நாலே பேர். பாதிப் பேர் பஸ் டிரைவரின் சீட்டுக்கு மேலே சுழன்ற சின்ன ஃபேனை வரைந்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தை தரையில் இருந்த கட்டங்களை மட்டும் பக்கம் முழுக்க வரைந்து வைத்திருந்தாள். நாள் முழுக்கக் குனிந்த தலை. பாவம், தரையைத்தானே பார்த்தாள்.

ஆகவே அந்த எட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த வயதில் எழுதுவதே பெரிய உடலுழைப்பு. பார்ப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. அங்கே பார்க்கட்டும், பேசட்டும். எழுத்தும் படமும் வகுப்புக்குத் திரும்பிய பிறகு.

சரி, எங்கேதான் போவது? நடந்து போகிற தூரத்துக்கு. ஒரே ஒரு இடத்துக்கு. பிரான்சில் செலஸ்தென் பிரெனே என்றொரு ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். 1920-ல் பார்-சுர்-லூ என்கிற கிராமத்துப் பள்ளிக்கு வந்தார். வகுப்பில் நின்று நீளமாகப் பேச அவருக்கு மூச்சு கிடையாது. அதனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். வயல், தறி, தச்சுப்பட்டறை என்று பார்த்துவிட்டுத் திரும்பி, பார்த்ததைப் பிள்ளைகளே சொல்ல, அதுவே அன்றைய எழுத்துப் பாடம் ஆனது. நல்ல நுரையீரல் உள்ள நாமெல்லாம் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

நான் பார்த்ததில் சிறந்த களப்பயணம் ஐந்து நிமிட நடையில் இருந்த சைக்கிள் பஞ்சர் கடைக்கு நடந்தது. மூன்று நாள் முன்னதாகவே ஆசிரியை ஒரு பஞ்சரான ட்யூபை வகுப்பில் கிடத்தி வைத்திருந்தார். 'ஓட்டை எங்கே?' என்று தேடித் தேடிப் பார்த்தும் யாருக்கும் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியோடு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ட்யூபில் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. "மிஸ், தண்ணி கொதிக்குது!" என்றான் ஒருவன். ஆசிரியை திருத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றார். இன்னொருத்தி மெல்லப் போய் விரலை விட்டுப் பார்த்து, "இல்ல, சில்லுன்னு இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முதல் பையனே சொன்னான்: "அப்போ காத்துதான் வெளிய வருது."

அந்த 'வாயை மூடிக்கொண்டு நின்றார்' இருக்கிறதே, அதுதான் கடினமான வேலை. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்து, ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் எழுதினார். மூன்று விநாடி காத்தாலே பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பேக்கேஜோடு வரும் வழிகாட்டி ஒரு விநாடிகூடக் காத்திருக்க மாட்டார். அடுத்த பள்ளி வாசலில் நிற்கிறது.

கடையில் இருந்தது 20 நிமிடம். வகுப்பில் அது ஒரு வாரம் ஓடியது. போன வழியை வரைந்தார்கள், எத்தனை காலடி என்று எண்ணிப் பார்த்தார்கள். கடைக்காரரின் சாமான்களை நினைவிலிருந்து பட்டியல் போட்டார்கள். டம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்து, கவிழ்த்தபடியே வாளித் தண்ணீரில் அமுக்கி, காகிதம் நனையாமல் வந்ததும் கத்தித் தீர்த்தார்கள். 'பாடம் போகிறதே' என்னும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்: மொழி, கணக்கு, அறிவியல் எல்லாம் அந்த வாரத்தில் இருந்தது, புத்தகத்தில் அதே பக்கங்கள்தான்.

அவர்களுக்குச் சொல்ல ஒரு எண்ணும் உண்டு. அதே ஃபாக், லின் டியர்க்கிங்கோடு சேர்ந்து 1997-ல் 128 பேரிடம், சிறார்களும் பெரியவர்களுமாக, விசாரித்தார். தொடக்க வகுப்பில் போன ஏதோ ஒரு பயணம் 96 சதவீதம் பேருக்கு நினைவில் இருந்தது. ஆனால் இந்த எண்ணைச் சுற்றுலா விற்பவர் உங்களிடம் நீட்டினால் மயங்காதீர்கள். நினைவில் நிற்பது வேறு, கற்றது வேறு. அந்த டிரைவர் ஃபேனும் யாருக்கோ இன்னும் நினைவில் இருக்கும்.

தூரப் பயணத்துக்கு நான் தரும் விலக்கு ஒன்றுண்டு. உங்கள் பட்டியலிலேயே அது இருக்கிறது: கோளரங்கம். நட்சத்திரம் பள்ளி நேரத்தில் வராது. நடந்து போய் எட்டவும் முடியாது. 1923-ல் ம்யூனிக்கில் முதன்முதலாகக் கருவியால் ஒளி பாய்ச்சி வானத்தைக் காட்டிய நாளிலிருந்து அது ஒன்றுதான் பகலில் இரவைக் கொடுக்கிறது. ஆகவே கோளரங்கத்துக்கு மட்டும் பஸ் ஏறலாம், ஆனால் நிலாவைப் பார்த்துப் பழகிய பிறகு. எப்படி என்று விவரமாகவே சொல்கிறேன். பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரம், காலையில் வகுப்பு தொடங்கும் நேரத்தில் தேய்பிறை நிலா வெளுத்துப்போய் வானத்திலேயே இருக்கும். முதலில் மேற்கே தாழ்வாக, பிறகு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே சூரியன் பக்கமாக நகரும். தினமும் வருகைப்பதிவு முடிந்ததும் இரண்டு நிமிடம் வெளியே கூட்டிப் போங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வையுங்கள். நிலா சூரியனை நெருங்கும் கடைசி நாட்களில் கட்டிட நிழலில் நிறுத்துங்கள், யாரும் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஆளுக்கொரு கட்டத்தில் நிலாவின் வடிவத்தை வரையட்டும். மேகம் மறைத்த நாளில் கட்டத்தில் மேகத்தை வரையட்டும், அதுவும் பதிவுதான். ஒரு நாள் நிலா காணாமல் போகும். 'எங்கே போச்சு?' என்று கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். அந்த வாரம் பஸ்ஸைக் கூப்பிடுங்கள். இருட்டுக்குப் பயப்படும் குழந்தையைக் கதவுக்குப் பக்கத்து இருக்கையில், உங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். காட்சி முடிந்ததும் நேரே பள்ளிக்கு. வழியில் மிருகக்காட்சி சாலை வாசலில் 'வந்ததுதான் வந்தோம்' என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

இப்போது ஏற்பாட்டாளர். 'ஆசிரியருக்கு இலவசம்' என்று சொன்னால், உங்கள் டிக்கெட் காசு 28 குழந்தைகளின் தலையில் பிரிந்து ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பென்சில் டப்பா, தொப்பி, சான்றிதழ் என்று தருவதும் அப்படியே. 'பாடத்திட்டத்தோடு இணைந்தது' என்று அச்சடித்திருந்தால், எந்த வகுப்பின் எந்தப் பாடம் என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் ஒரே தாளைத்தான் எடுத்து நீட்டுவார். மழை வந்தால், பத்துக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் எல்லாம் திரும்பும்.

இவர்கள் பிழைப்பதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். தூரத்துப் பேக்கேஜுக்கு ஒரே தாள். எல்லாவற்றையும் ஏற்பாட்டாளரே நிரப்பிக் கொடுத்துவிடுவார், கையெழுத்து விழுந்துவிடும். ஐந்து நிமிட நடைக்கு நீங்கள் அனுமதி கேட்டுப் பாருங்கள். நோக்கம், எதிர்பார்க்கும் விளைவு, அடைந்த விளைவு, புகைப்படம் என்று படிவம் நீளும். போவதற்கு முன்பே அடைந்த விளைவை எழுதச் சொன்ன படிவத்தைக்கூட நான் நிரப்பியிருக்கிறேன். வருடத் தொடக்கத்திலேயே, பள்ளியைச் சுற்றி நடந்து போய்வரப் பெற்றோரிடம் ஒரே பொது ஒப்புதலாக வாங்கித் தர முடியுமா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். பள்ளி விதி இடம் கொடுத்தால் பாதித் தலைவலி அதோடு தீரும்.

பாதுகாப்பையும் தினசரிப் பாடத்திலேயே வைத்துவிடலாம். காலையில் வருகையைக் குழந்தைகளே எண்ணட்டும்: 28-ல் இன்று மூன்று பேர் இல்லை, மீதி எத்தனை? வெளியே கிளம்பும்போது ஜோடி ஜோடியாக நிறுத்தினால் 28 பேருக்கு 14 ஜோடி. 'என் ஜோடியைக் காணோம்' என்று குழந்தையே முதலில் கத்தும், நீங்கள் எண்ணி முடிப்பதற்குள். கழுத்து அட்டையில் பள்ளியின் தொலைபேசி எண் போதும். பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இந்த வயதில் நம்பிப் போய்விடும்.

ஆறு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. உங்களுக்கு ஐந்து பேர் வேண்டும். அந்த ஐந்தில் உங்களைச் சேர்க்காதீர்கள். ஒரு குழந்தை அழும், இன்னொன்றுக்குப் பாத்ரூம் வரும், அப்போது உங்கள் கை காலியாக இருக்க வேண்டும். 'என்ன படிப்பார்கள்' என்று கேட்ட பெற்றோரையே முதலில் கூப்பிட்டுப் பாருங்கள்.