80% அடைப்பு: உடனே ஸ்டென்ட் வைத்தாக வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. ஒரு வருடமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். ஆஞ்சியோவில் இதயத்தின் வலது ரத்தக்குழாயில் 80% அடைப்பு. “இப்போதே ஸ்டென்ட் வைக்காவிட்டால் எந்த நேரமும் அட்டாக்” என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். தவறு செய்துவிட்டோமா?

பதில்: இல்லை. நடந்தால் வந்து, நின்றால் போகும் வலி அவசர கேஸ் அல்ல. அட்டாக் பெரும்பாலும் இந்தப் பழைய, கெட்டிப்பட்ட அடைப்பால் வருவதில்லை. குழாயில் எங்கோ படிந்திருக்கும் மெல்லிய கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாய் ஓர் இடத்தைத்தான் திறக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் மாத்திரைகள் எல்லாக் குழாய்களுக்கும் போய்ச் சேரும்.

37 நாடுகளில், இந்தியாவையும் சேர்த்து, இப்படி அவசரமில்லாத அடைப்பு உள்ள 5,179 பேரிடம் ‘இஸ்கீமியா’ ஆய்வு நடந்தது; 2020இல் வெளியானது. பாதிப்பேருக்கு முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மீதிப்பேருக்கு முதலில் மாத்திரை. சுமார் மூன்று ஆண்டுகளில் இறந்தவர்கள் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் 145, மாத்திரைப் பக்கம் 144.

அப்படியானால் ஸ்டென்ட் வீணா? வலிக்கு உதவும். வைத்ததா, வைப்பதுபோல் பாவனை செய்ததா என்று நோயாளிக்கே தெரியாமல் 301 பேரிடம் பார்த்தார்கள் (‘ஆர்பிட்டா-2’, 2023). இதய வலிக்கான மாத்திரைகளை நிறுத்தியிருந்த அவர்களில், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்தது. எனவே மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டும் அப்பாவால் படி ஏற முடியவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். அது நிதானமாக நாள் பார்த்துச் செய்கிற வேலை.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ‘லெஃப்ட் மெயின்’. இடப்பக்கம் கிளை பிரியும் முன் இருக்கும் தாய்க்குழாய் அது. அதில் பாதிக்கு மேல் அடைப்பு இருந்தவர்களை ‘இஸ்கீமியா’ ஆய்வில் சேர்க்கவே இல்லை. அங்கே அடைப்பு என்றால் நான் மேலே எழுதியது எதுவும் பொருந்தாது, தாமதிக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் அந்த வரியைத் தேடுங்கள். புரியாவிட்டால் ரிப்போர்ட்டையும் ஆஞ்சியோ படம் பதிவான சிடியையும் கேட்டு வாங்கி, வேறொரு இதய மருத்துவரிடம் காட்டுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

என் எரிச்சல் வேறு இடத்தில். நோயாளி டேபிளில் படுத்திருக்க, வெளியே நிற்கும் மகனிடம் “பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போடுங்கள்” என்பது சம்மதம் அல்ல, மிரட்டல். இலவச முகாமில் இசிஜி எடுத்துவிட்டு மறுநாளே வேன் அனுப்புகிறவர்கள், “காப்பீட்டு கார்டு இருக்கிறதா? ஒரு பைசா செலவில்லை” என்று போன் செய்யும் ‘தெரிந்த தம்பி’கள் — இவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. 2017இல் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பில்லில் ஸ்டென்ட் ஒரு வரிதானே? காப்பீடும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்தால்தான் பணம் தருகிறது. மாதாமாதம் மாத்திரை வாங்கிப் போட்டு நடைப்பயிற்சி போகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. பிறகு எல்லோரும் ஏன் படுக்கமாட்டார்கள்?

உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வழக்கத்தைவிட அடிக்கடி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ இந்தப் பதிலை மறந்துவிட்டு 108ஐ அழையுங்கள். அட்டாக் வந்தவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும்.

அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால், இரண்டாவது மருத்துவரிடம் போகும் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள்.