கீழே விழுந்த மைக்ரோமீட்டரைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்துவிட்டேன்

கேள்வி: மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியனாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் புரொபேஷன் (தகுதிகாண் காலம்) தான். வியாழக்கிழமை நைட் ஷிஃப்டில் உருப்படிகளின் தடிமனை நுணுக்கமாக அளக்கும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் கை நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்துவிட்டது. துடைத்து, ஸீரோ பட்டனை அழுத்தினேன், சரியாகத்தான் காட்டியது. யாரிடமும் சொல்லாமல் பெட்டியில் வைத்துவிட்டேன். மூன்று நாளாகத் தூக்கமில்லை. சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்களா? கூட இருக்கும் அண்ணன் ஒருவர், ‘பேசாமல் வேலையை விட்டு நின்றுவிடு’ என்கிறார்.

பதில்: தம்பி, அந்த மைக்ரோமீட்டரின் விலையை நினைத்துக் கலங்குகிறீர்கள். என் கவலை அதில் இல்லை. வியாழன் இரவிலிருந்து அதை வைத்து யார் யார் எதை அளந்தார்கள் என்பதுதான் என் கவலை.

ஸீரோ சரியாகக் காட்டியது என்கிறீர்கள். நீங்கள் பட்டனை அழுத்தினால் அது ஸீரோ காட்டத்தான் செய்யும். உருப்படியை இடையில் பிடித்து அளக்கும் இரண்டு முகங்கள் அதில் உண்டு. விழுந்த வேகத்தில் ஒரு முகத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று எழும்பியிருக்கிறது என்று வையுங்கள். மூடும்போது அந்தப் பிசிறு இரண்டு முகங்களையும் 5 மைக்ரான் (0.005 மில்லிமீட்டர்) தள்ளி நிறுத்துகிறது. அந்த இடத்தில் நீங்கள் ஸீரோ வைத்துவிட்டீர்கள். இனி 10.000 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை முகத்தின் நடுவில் பிடித்து அளந்தால் 9.995 என்று காட்டும். மேல் வரம்பைத் தாண்டிய உருப்படிகூட ‘பாஸ்’ ஆகிவிடும். உள்ளே நகரும் திருகுத் தண்டு லேசாக வளைந்திருந்தால் கதை வேறு. ஸீரோவில் சரியாக இருக்கும், 20, 25 மில்லிமீட்டரில் தப்பலாம். அதனால்தான் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்கும் கேலிபிரேஷன் அறையில், அளவு துல்லியமாகத் தெரிந்த ‘கேஜ் பிளாக்’ கட்டைகளை வைத்து 5, 10, 15 என்று பல இடங்களில் சோதிக்கிறார்கள். உங்கள் கண்ணும் ஸீரோ பட்டனும் அந்த வேலையைச் செய்யாது.

ஐஎஸ்ஓ 9001 என்ற சர்வதேசத் தரமுறைச் சான்றிதழ் உள்ள கம்பெனி என்றால் இதற்கு வழிமுறை எழுதியே வைத்திருப்பார்கள். கருவி பழுது என்று தெரிந்தால், அதற்கு முன் எடுத்த அளவுகள் செல்லுமா என்று பார்த்தாக வேண்டும் என்பது அந்தத் தரமுறையின் விதி. இன்று சொன்னால் மூன்று நாள் லாட்டை (ஒரு தொகுதியாகச் செய்த உருப்படிகளை) திரும்ப அளப்பார்கள். அடுத்த கேலிபிரேஷனில் தானாக வெளிப்பட்டால் எத்தனை மாத லாட், அதில் எத்தனை கப்பலேறிவிட்டது என்று தேட வேண்டியிருக்கும். நானும் இளவயதில் ஒரு டயல் கேஜைக் கீழே போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டவன்தான். பிறகு இரண்டு வாரம் அதை யார் கையில் எடுத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, எப்படிச் சொல்வது? அடுத்த ஷிஃப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசரைத் தனியாகப் பாருங்கள். ‘விழுந்துவிட்டது’ என்று ஆரம்பிக்காதீர்கள். அது தானாகக் குதித்த மாதிரி இருக்கும். மலாயில் பேசுவதானால் ‘சயா தெர்ஜாதுகான்’ (நான் தெரியாமல் கீழே போட்டுவிட்டேன்) என்றால் போதும். தெரியாமல் நடந்தது, என் கையால் நடந்தது, இரண்டும் அதிலேயே வந்துவிடும். கருவியின் எண், விழுந்த நேரம், ஸீரோ பட்டனை அழுத்தியது, அதற்குப் பின் நீங்கள் அளந்த லாட் எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பட்டன் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், கேலிபிரேஷன்காரருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். உடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பயந்துவிட்டேன் என்றே சொல்லுங்கள். வேறு காரணம் ஜோடிக்க வேண்டாம். திட்டு விழும். அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி சம்பளம். மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24வது பிரிவு, சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது. தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம் போன்றவை அதில் உண்டு. உடைந்த கருவி அதில் இல்லை. தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் அனுமதி இல்லாமல் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. பிடித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ‘செலவை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று யாராவது கடிதம் நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். வேலையே போனாலும், 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிடலாம். புரொபேஷனில் இருப்பவருக்கும் அந்த வழி உண்டு.

அந்த அண்ணனின் யோசனைக்கு வருவோம். நோட்டீஸ் கொடுக்காமல் நின்றால், நோட்டீஸ் காலச் சம்பளத்தை நீங்கள்தான் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள அதே 24வது பிரிவு அனுமதிக்கிறது. மைக்ரோமீட்டருக்காகப் பிடிக்க முடியாத காசை, ஓடியதற்காகப் பிடித்துக்கொள்வார்கள்.

இன்றிரவு வேலை இருந்தால், பஸ் ஏறுமுன் அந்தத் தாளை எழுதிவிடுங்கள். மைக்ரோமீட்டர் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது என்றால், வேறு யாரும் எடுப்பதற்கு முன் ‘ஹோல்ட்’ (பயன்படுத்தாதே) சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்.