பழைய பீரங்கி மருந்து தானாகவே தீப்பற்றுமா? – கேள்வி பதில்

முகிலன்: ஐயா, பொறியோ நெருப்போ படாமல், கிடங்கில் கிடக்கும் பழைய உந்துமருந்து எரியக்கூடுமா?

எரியும். பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் புகையில்லா மருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ், உருவான நாளிலிருந்தே மெல்லச் சிதைந்துகொண்டிருக்கிறது. அப்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், அவை ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் அமிலமும் சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றன; கூடவே வெப்பமும் பிறக்கிறது. கைப்பிடியளவு மருந்தில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். பெருங்குவியலின் நடுவிலோ அதற்குப் போக வழியில்லாததால், சூடு ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் தீப்பற்றிக்கொள்கிறது.

கவிதா: இதைத் தடுக்கத்தானே நிலைப்படுத்தி சேர்க்கிறார்கள்?

ஆம். அமெரிக்காவின் எம்6 என்னும் பீரங்கி உந்துமருந்தில் டைஃபீனைலமைன் என்ற நிலைப்படுத்தி சுமார் 1 விழுக்காடு இருக்கும். அது ஆக்சைடுகளைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த வேலையிலேயே தானும் செலவாகிவிடுகிறது. எஞ்சிய அளவு 0.2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அந்தத் தொகுதியை விரைவில் அழித்தாக வேண்டும் என்பது அந்நாட்டு இராணுவ நடைமுறை. எனவே பெட்டியின் மேலுள்ள ஆண்டை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வெயிலில் கிடந்த புதிய மருந்து, குளிர்ந்த கிடங்கிலிருக்கும் பழைய மருந்தைவிட ஆபத்தானதாக இருக்கலாம்.

அன்வர்: கண்ணுக்குத் தெரியும் அறிகுறி உண்டா?

செம்பழுப்பு ஆவியும் காரமான அமில நெடியும். ஆனால் அவை தென்படும்போது காலம் கடந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மூடியைத் தொடாமல் விலகிவிட வேண்டும்.

மேரி: தீப்பிடித்தால் தண்ணீர் உதவாதா?

எரியத் தேவையான ஆக்சிஜன் மருந்துக்குள்ளேயே இருப்பதால், காற்றை மறைத்து அணைக்க முடியாது. அருகிலுள்ள மருந்து சூடாகாமல் காக்கவே நீர் பயன்படும். 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் இயேனா வெடித்தபோது, அது நீரில்லாத உலர்துறையில் நின்றதால் மருந்தறைகளை வெள்ளத்தில் மூழ்கடிக்க இயலவில்லை. துறையின் கதவை உடைத்து நீரை உள்ளே விட, பக்கத்திலிருந்த பாத்ரீ கப்பல் சுட்ட குண்டும் கதவில் பட்டுத் தெறித்துப் போயிற்று. சிதைந்த பூத்ர் பி என்னும் பிரெஞ்சுப் புகையில்லா மருந்தின் மீதே ஐயம் விழுந்தது. அப்படியிருந்தும் 1911இல் அதே துறைமுகத்தில் லிபர்த்தே கப்பலும் வெடித்தது. முதல் அடியிலேயே பாடம் கற்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

செல்வி: இக்காலத்திலும் இப்படி நடக்கிறதா?

2012 அக்டோபரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கேம்ப் மிண்டன் வளாகத்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. பின்னர் சோதித்தபோது, ஒப்பந்த நிறுவனமொன்று அட்டைப் பெட்டிகளிலும் சாக்குகளிலும், ஒரு பகுதியைத் திறந்தவெளியிலுமாகப் போட்டுவைத்திருந்த எம்6 மருந்து ஏறத்தாழ 6,800 டன் இருந்தது தெரியவந்தது. அருகிலுள்ள டாய்லைன் ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். வெட்டவெளியில் எரிக்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்ததால், மூடிய எரிகலன் அமைத்து 2016, 2017 ஆண்டுகளில் அதை எரித்துத் தீர்த்தார்கள்.