பெண்ணை நிறுத்தினால் பெண்கள் ஓட்டு விழுமா?

கேள்வி: அம்மா, நான் அரசியல் அறிவியல் படிக்கும் மாணவி. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் ஒருவர் துணை அதிபர் பதவிக்குப் பெண்ணை நிறுத்தினால் பெண்களின் ஓட்டு கூடுமா என்று வகுப்பில் விவாதம் நடந்தது. கூடும் என்று நான் பேசினேன். நான் பேசியது சரிதானா?

பதில்: உங்களை ஏமாற்ற மனமில்லை. கணக்கு எதிர்த்தரப்புக்குத்தான் சாதகம்.

1984 ஜூலையில் நான் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியையாக இருந்தேன். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற வால்டர் மாண்டேல் தன் துணை வேட்பாளராக ஜெரால்டின் ஃபெராரோவை அறிவித்த செய்தி டெலிபிரின்டரில் வந்ததும், அதைக் கிழித்து எடுத்து நின்றபடியே படித்தேன். இரு பெரும் கட்சிகளில் எதுவும் அதற்கு முன் ஒரு பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தியதில்லை. இந்தத் தேர்தலில் பெண்கள் திரண்டு விடுவார்கள் என்று அன்று மனதார நம்பினேன்.

ஜனநாயகக் கட்சியின் கணக்கும் அதுதான். 1980 தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரேகனுக்கு ஆண்களிடம் கிடைத்த ஆதரவைவிடப் பெண்களிடம் சுமார் 8 புள்ளிகள் குறைவாகக் கிடைத்தது. வாக்காளர்களில் பெண்கள்தான் அதிகம். அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கினால் ரேகனைத் தோற்கடிக்கலாம் என்று பார்த்தார்கள். பெண்ணை நிறுத்தாவிட்டால் கட்சி மாநாட்டிலேயே நாங்கள் ஒருவரை முன்மொழிவோம் என்று தேசியப் பெண்கள் அமைப்பும் நெருக்கியது. மாண்டேல் மினசோட்டாவில் உள்ள தன் வீட்டுக்கு மேயர்கள் உட்படப் பலரை ஒவ்வொருவராக வரவழைத்துப் பேசினார். பத்திரிகையாளர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். 'யார் தகுதியானவர்' என்ற பேச்சு போய் 'எந்தப் பிரிவுக்கு இந்த முறை' என்ற பேச்சு வந்தது அங்கேதான்.

நவம்பரில் ரேகன் 49 மாநிலங்களை வென்றார். மாண்டேலுக்குக் கிடைத்தவை அவருடைய சொந்த மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பின்படி, பெண்களில் சுமார் 56 சதவீதம் பேர் ரேகனுக்குப் போட்டிருந்தார்கள். ஆண்களில் 62. அதாவது 8 புள்ளி இடைவெளி 6 ஆகக் குறைந்திருந்தது! ஒரு பெண் வேட்பாளர் இருந்தும் அது அகலவில்லை.

ஏன்? விலைவாசி ஏற்றம் தணிந்திருந்தது, வேலைகள் திரும்பி வந்திருந்தன. கட்சி மாநாட்டு மேடையில், ஜெயித்தால் வரியை உயர்த்துவேன் என்று மாண்டேல் வெளிப்படையாகச் சொன்னார். வீட்டுக் கணக்குப் பார்க்கிற பெண் எதை முதலில் கேட்பாள் என்று நினைக்கிறீர்கள்? ஓட்டு அதிபருக்குத்தான் விழுகிறது. துணை அதிபர் வேட்பாளரைப் பிடித்துப்போய் முடிவை மாற்றிக்கொள்கிறவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், ரொம்பக் கொஞ்சம் பேர்தான்.

கேள்வி: அப்படியானால் ஃபெராரோ தகுதியில்லாதவர் என்கிறீர்களா?

பதில்: ஒருநாளும் சொல்ல மாட்டேன். பகலில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டு இரவுக் கல்லூரியில் சட்டம் படித்தவர். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் அரசு வழக்கறிஞராகக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் எதிரான குற்ற வழக்குகளை நடத்தியவர். பிரதிநிதிகள் சபைக்கு மூன்று முறை வென்று வந்தவர்.

அவரிடம் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். மிசிசிப்பிக்குப் பிரசாரத்துக்குப் போனபோது அந்த மாநில விவசாயத் துறைத் தலைவர், "புளூபெர்ரி மஃபின் செய்யத் தெரியுமா?" என்று கேட்டார். "நன்றாகத் தெரியும். உங்களுக்கு?" என்று ஃபெராரோ திருப்பிக் கேட்டார். எங்கள் ஊரில் ஆண்கள் சமைப்பதில்லை என்று பதில் வந்தது. அக்டோபரில் பிலடெல்பியாவில் நடந்த விவாதத்தில் ரேகனின் துணை அதிபர் ஜார்ஜ் புஷ், "வித்தியாசத்தை விளக்க உங்களுக்கு உதவுகிறேன், திருமதி ஃபெராரோ" என்று ஈரானையும் லெபனானையும் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினார். வெளியுறவுக் கொள்கையை எனக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற இந்தத் தோரணை எனக்குப் பிடிக்கவில்லை என்று அங்கேயே நேருக்கு நேர் சொன்னார் அவர். கணவரின் வரிக் கணக்கு சர்ச்சையானபோது, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நிருபர்கள் முன்னால் அசையாமல் நின்று பதில் சொன்னார்.

மேடையில் மாண்டேலும் அவரும் கைகோத்து உயர்த்தியதுகூட இல்லை. இரண்டு ஆண்கள் என்றால் சேர்த்துத் தூக்குவார்கள். இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று தனித்தனியாகக் கையசைத்தார்கள். பார்க்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒருவர் ஓட்டையும் அள்ளி வர வேண்டும் என்றால், எவ்வளவு பெரிய அநியாயம்!

கேள்வி: 2008-இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் ஒபாமாவிடம் தோற்ற ஹிலாரி கிளிண்டனின் ஆதரவாளர்கள் கோபத்தில் இருந்தார்களே, குடியரசுக் கட்சி அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் துணை அதிபர் பதவிக்கு நிறுத்தியும் அவர்கள் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் பக்கம் ஏன் போகவில்லை?

பதில்: ஹிலாரியை விரும்பியவர்கள் 'ஏதோ ஒரு பெண்ணை' விரும்பவில்லை, அதனால்தான்.

டென்வர் நகரில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஒபாமா பேசி முடித்த மறுநாளே, ஆகஸ்ட் 29 அன்று, ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பேலினை மேடையேற்றினார் மெக்கெய்ன். பேலின் முதல் பேச்சிலேயே ஃபெராரோவையும் ஹிலாரியையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். ஹிலாரிக்கு விழுந்த சுமார் 1.8 கோடி ஓட்டுகளையும் குறிப்பிட்டார். யாரை அழைக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கருக்கலைப்பு விஷயத்தில் ஹிலாரியும் பேலினும் இரு துருவம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பத்திரிகைகள் அன்று போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். அலபாமாவில் ஒரு டயர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் லில்லி லெட்பெட்டர். அதே வேலை பார்த்த ஆண்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. வழக்குப் போட்டார். குறைந்த சம்பளத்தைத் தீர்மானித்த 180 நாட்களுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளிவிட்டது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது? இதைச் சரிசெய்ய மசோதா வந்தபோது மெக்கெய்ன் அதை எதிர்த்தார், பெண்களுக்குத் தேவை கல்வியும் பயிற்சியும் என்றார். லெட்பெட்டர் டென்வர் மாநாட்டு மேடையில் ஏறிப் பேசினார். ஒபாமா பதவியேற்றதும் 2009 ஜனவரி 29 அன்று கையெழுத்திட்ட முதல் சட்டமே அதுதான்.

சம்பளக் கவரைப் பிரித்துப் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு டேட்டன் மேடை பெரிதா, இந்த மசோதா பெரிதா? பெண்களில் 56 சதவீதம் ஒபாமாவுக்கு, 43 சதவீதம் மெக்கெய்னுக்கு. நான்கு வருடம் முன்னால் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்குப் பெண்களிடம் 48 கிடைத்திருந்தது. பேலினுக்குக் கூட்டம் கூடியது உண்மை. அவரை உளமார நேசித்த பெண்களும் லட்சக்கணக்கில் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் முன்பே குடியரசுக் கட்சிக்காரர்கள்.

கேள்வி: துணை அதிபர் வேட்பாளராக ஒரு பெண்ணைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று ஜோ பைடன் முன்கூட்டியே அறிவித்தது சரியா?

பதில்: தேர்ந்தெடுத்தது சரி. முன்கூட்டியே அறிவித்தது எனக்குச் சம்மதமில்லை. 2020 மார்ச்சில், கட்சியின் வேட்பாளர் போட்டியில் இருந்த பெர்னி சாண்டர்ஸுடன் நடந்த விவாதத்தில் அந்த வாக்குறுதியைக் கொடுத்தார். அதனால் என்ன ஆயிற்று? கலிஃபோர்னியாவின் தலைமைச் சட்ட அதிகாரியாக இரண்டு முறை வென்று, செனட்டராகவும் வென்ற கமலா ஹாரிஸை, 'பெண் என்பதால் எடுத்தார்கள்' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1960-இல் கென்னடி, தெற்கு மாநிலங்களையும் டெக்சாஸையும் மனதில் வைத்துத்தான் லிண்டன் ஜான்சனைச் சேர்த்தார். பைடனையே ஒபாமா சேர்த்ததற்கு, அவருடைய வெளியுறவு அனுபவத்தோடு வெள்ளையினத் தொழிலாளர்களின் ஓட்டும் ஒரு காரணம். அவர்கள் தகுதியை அதற்காக யார் குறைத்துப் பேசினார்கள்? கணக்குப் பார்த்து ஆளைச் சேர்ப்பது அந்த நாட்டில் பழைய வழக்கம். பெண்ணுக்கு மட்டும் அது முத்திரையாக ஒட்டிக்கொள்கிறது.

கறுப்பினப் பெண்களின் விஷயம் வேறு. பத்தில் ஒன்பது பேர் என்ற கணக்கில், பல தேர்தல்களாக ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டு வந்தவர்கள் அவர்கள். ஹாரிஸ் அவர்களுக்குக் காட்டிய ஆசை அல்ல, கட்சி அவர்களுக்குப் பட்டிருந்த கடன்.

கேள்வி: 2024-இல் ஹாரிஸே அதிபர் வேட்பாளர் ஆனாரே. அப்போதாவது பெண்கள் ஓட்டு கூடியதா?

பதில்: இல்லை. பைடனுக்கு 2020-இல் பெண்களிடம் கிடைத்தது 57 சதவீதம், ஹாரிஸுக்கு 53. விலைவாசிக் கோபம் ஆளும் கட்சி மீது இறங்கியது, பெண்களுக்கும் அந்தக் கோபம் இருந்தது.

கேள்வி: ஓட்டும் வராது என்றால், பெண்ணை நிறுத்தி என்ன பயன்?

பதில்: ஓட்டு வராவிட்டால் பயனில்லை என்று யார் சொன்னது? அந்தப் பதவிக்கு வேலை இருக்கிறது. செனட்டில் இரு தரப்பும் சமமாக நிற்கும்போது துணை அதிபரின் ஓட்டுதான் முடிவு செய்யும். ஹாரிஸ் அப்படி 33 முறை போட்டார். அந்த நாட்டின் வரலாற்றில் வேறு எந்தத் துணை அதிபரும் அத்தனை முறை போட்டதில்லை. 2022 ஆகஸ்டில் 51-க்கு 50 என்று ஒரு சட்டம் அவர் ஓட்டால் நிறைவேறியது. மெடிகேர் காப்பீட்டில் இருக்கும் முதியவர்கள் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்ற வரம்பு அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.