ஓஎஸ்ஜிபி36 அடுக்கு சில மீட்டர் தள்ளி விழுவது பற்றி

பிரிட்டிஷ் நேஷனல் கிரிட்டில் (ஓஎஸ்ஜிபி36-ஐ அடிப்படையாகக் கொண்ட பிரிட்டனின் வரைபட ஆய முறை) இருந்த சாலை அடுக்கை (சாலைகளின் வரைபடத் தரவை) ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84-க்கு மாற்றியதும் நாலைந்து மீட்டர் விலகுகிறது என்று கேட்டிருந்தீர்கள். விலகல் நூறு மீட்டர் அளவில் இருந்தால் டேட்டம் (ஆயங்களுக்கு அடிப்படையான பூமி மாதிரி) மாற்றமே நடக்கவில்லை என்பேன். இவ்வளவுதான் என்றால், அநேகமாக ஏழு அளவுரு ஹெல்மெர்ட் மாற்றம் (எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணக்கில் நகர்த்தி, சுழற்றி, அளவு மாற்றுவது) ஓடியிருக்கும். ஓஎஸ்ஜிபி36-க்கு அடிப்படையான பழைய முக்கோண நில அளவீட்டின் பிழை இடத்துக்கு இடம் மாறும். நாடு முழுவதற்கும் ஒரே ஏழு எண்கள் அதைச் சரிக்கட்டாது. அதற்குத்தான் ஓஎஸ்டிஎன்15 கிரிட் கோப்பு, இடத்துக்கு இடம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற அட்டவணை. அதைப் பயன்படுத்தினால் ஒரு மீட்டருக்குள் வந்துவிடும்.

கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் மாற்றத்தைத் தேர்வுசெய்யும் பெட்டியில் துல்லியமும் பொருந்தும் பகுதியும் போட்டிருக்கும், பலரும் படிக்காமலே சரி கொடுத்துவிடுகிறார்கள். கிரிட் இல்லையென்று காட்டினால் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மாற்றிய கோப்பைத் திருத்தாதீர்கள். மூலக் கோப்பிலிருந்தே மறுபடி மாற்றுங்கள்.