கேளுங்க, சொல்றேன்: சைரஸோட களிமண் உருளை

கேள்வி: பாரசீக மன்னர் சைரஸ் 2500 வருஷத்துக்கு முன்னாடியே அடிமை முறையை ஒழிச்சு, உலகத்தோட முதல் மனித உரிமை சாசனத்தைக் கல்வெட்டா எழுதி வெச்சார்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துதே, நிஜமா சார்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: முதல்ல அது கல்லே இல்லைங்க, சுட்ட களிமண். சரியா ஒரு சாண் நீளம் இருக்கும், நடுவுல பெருத்து ரெண்டு முனையும் சிறுத்து ஒரு குட்டி பீப்பா மாதிரி, அதைச் சுத்தி பொடிப்பொடியா ஆப்பெழுத்துல (ஆப்பு மாதிரி கோடுகளைக் களிமண்ல பதிச்சு எழுதுற பழைய எழுத்து) 45 வரி. பாரசீக ராஜாவோட சாசனம்னுதான் பேரு, ஆனா எழுதியிருக்கிறது பாரசீக மொழியில இல்ல, இப்ப ஈராக்னு சொல்ற பக்கம் இருந்த பாபிலோன்காரங்களோட அக்காடிய மொழியில. ராஜா புகழ் பாடுற நம்ம மெய்க்கீர்த்தி மாதிரி, அவங்க ஊர் மெய்க்கீர்த்தின்னு வெச்சுக்கோங்களேன்.

விஷயம் என்னன்னா, பாபிலோனை ஆண்ட நபோனிடஸ் சந்திரக் கடவுள் சின் மேல அளவுக்கு மீறி பக்தியா இருந்தவர், சுமார் 10 வருஷம் அரேபியாவுல தைமாங்கிற ஊர்ல போய் உக்காந்துட்டு மகன் பெல்ஷாசர் கையில ஊரை விட்டுட்டார், ராஜா இல்லாததால பெரிய கடவுள் மர்துக்கோட புத்தாண்டு திருவிழா வருஷக்கணக்கா நடக்கவே இல்ல. பூசாரிங்களுக்குக் கோபம் வராம இருக்குமா? இந்த நேரத்துலதான் கிமு 539ல சைரஸ் படையோட வர்றார். உருளை என்ன சொல்லுதுன்னா, நல்ல ராஜா ஒருத்தன் கிடைப்பானான்னு மர்துக் தேசம் தேசமா தேடி, சைரஸோட கையைப் பிடிச்சு, ஒரு சிநேகிதன் மாதிரி பக்கத்துலயே நடந்து வந்தாராம், ஆத்துத் தண்ணி மாதிரி எண்ண முடியாத படை ஆயுதத்தை இடுப்புல சொருகிக்கிட்டு சும்மா நடந்து வந்துச்சாம், சண்டையே இல்லாம ஊருக்குள்ள நுழைஞ்சாங்களாம். கேக்க எவ்ளோ நல்லா இருக்கு!

ஆனா அதே பாபிலோன்ல இன்னொரு களிமண் பலகை கிடைச்சிருக்கு, நபோனிடஸ் காலத்து நிகழ்ச்சிக் குறிப்பு. அது யாரையும் தூக்கி வெச்சுப் பேசாம தேதி போட்டு எழுதுது. அதுப்படி டைக்ரிஸ் ஆத்தங்கரையில ஓபிஸ்ங்கிற ஊர்ல சண்டை நடந்திருக்கு, வெட்டிச் சாய்ச்சிருக்காங்க, கொள்ளையும் அடிச்சிருக்காங்க. அப்புறம் அந்த மாசம் 14ஆம் தேதி சிப்பார் ஊர் சண்டை போடாமலே விழுது, 16ஆம் தேதி சைரஸோட தளபதி உக்பாரு பாபிலோனுக்குள்ள நுழையுறார், அங்கயும் சண்டை இல்ல. ஆக "சண்டையில்லாம"ங்கிறது பொய் இல்ல, ஓபிஸ்ல நடந்ததைப் பாத்தப்புறம் வாசல்ல நின்னு யார் சண்டை போடுவாங்க? அந்த ஓபிஸ் பேரை உருளையில தேடிப் பாருங்க, இருக்காது.

அதுக்காக சைரஸை வில்லனாக்கவும் எனக்கு மனசு வரல. அதே குறிப்புல, கேடயம் பிடிச்ச வீரர்கள் மர்துக் கோயில் வாசல்களை வளைச்சு நின்னாங்க, ஆனா உள்ள ஒரு பூஜைகூட தடைபடலன்னு இருக்கு. கெட்டிக்கார ஆளு. ரெண்டு வாரம் கழிச்சு அவரே ஊருக்குள்ள வந்தப்ப பாதையில பச்சைக் கிளையெல்லாம் பரப்பி வரவேற்பு.

அடிமை முறையை ஒழிச்சேன்னு அதுல ஒரு வரி கிடையாது. பாபிலோன் மக்களோட பாரத்தை இறக்கினேன்னு வருது, அந்தப் பக்கத்து ராஜாக்கள் பதவிக்கு வந்ததும் வழக்கமா சொல்ற பேச்சு அது. மனித உரிமை சாசனம்ங்கிற பட்டம் பெரிசா பரவினது 1971ல, ஈரான் மன்னர் ஷா பாரசீகப் பேரரசோட 2500ஆம் ஆண்டு விழா எடுத்தப்ப இதையே விழாச் சின்னமாக்கி, ஒரு நகலை ஐநா சபைக்கும் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் சம்பளம், அடிமை விடுதலை எல்லாம் சேத்து யாரோ எழுதின போலி மொழிபெயர்ப்பு ஒண்ணு நெட்ல சுத்த ஆரம்பிச்சது, உங்களுக்கு வந்ததும் அந்த சரக்குதான்.

கேள்வி: யூதர்களை எருசலேமுக்கு அனுப்பி வெச்சதும் அதுல இருக்குதா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இல்லம்மா. பாபிலோனுக்குப் பிடிச்சிட்டுப் போன யூதர்களை சைரஸ் ஊருக்குத் திருப்பி அனுப்பினது பைபிள்ல எஸ்றா புத்தகத்துல வருது. உருளையில வர்ற ஊர்கள் அசூர், சூசா, எஷ்நுன்னா, தேர்னு பெரும்பாலும் டைக்ரிஸ் பக்கத்து ஊர்கள், அங்கங்க இருந்த சாமி சிலைகளைத் திருப்பி அனுப்பினேன், மக்களையும் சேத்து அனுப்பினேன்னு சொல்றார். யூதர்கள் பேரோ எருசலேமோ வரல. ஆனா அதே போக்குல அவங்களையும் அனுப்பியிருக்கலாம்னு பலர் நினைக்கிறாங்க, எனக்கும் அது பொருத்தமாத்தான் படுது.

கேள்வி: இப்படி எழுதி மண்ணுக்குள்ள புதைச்சா யார் சார் படிப்பாங்க? (அதே வாசகி)

பதில்: சாமியும், பின்னாடி வரப்போற ராஜாவும்! அங்க சுவர் கட்டினா அஸ்திவாரத்துல இப்படி ஒண்ணைப் போடுறது வழக்கம். 1879ல ஹொர்முஸ்த் ரஸ்ஸாம்ங்கிற அகழாய்வாளர் பாபிலோன்ல தோண்டினப்ப இது கிடைச்சது, இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, 2013 கடைசியில மும்பைக்குக்கூட வந்துட்டுப் போச்சு. அதே வாசகம் எழுதின பலகைத் துண்டு ரெண்டு, அந்த மியூசியம் சேகரிப்புலயே 2009, 2010 வாக்குல கண்ணுல பட்டுது. அப்ப இது புதைக்க மட்டும் எழுதினதில்ல, நகல் எடுத்து வெளியவும் பரப்பியிருக்காங்க. பின்னாடி வர்ற ராஜா படிப்பார்ங்கிறதுக்கும் சாட்சி இருக்கு, உருளையோட கடைசியில மதில் சுவரை ரிப்பேர் பண்ணதைச் சொல்லிட்டு, அங்க தனக்கு முன்னாடி ஆண்ட அசீரிய ராஜா அசூர்பனிபாலோட எழுத்து கிடைச்சுதுன்னு சைரஸே சொல்றார்.