சூரிய ஒளியைத் தடுத்துப் பூமியைக் குளிர்விக்கும் ஆராய்ச்சியை ஆப்பிரிக்க நாடுகள் ஏன் எதிர்க்கின்றன?

"ஆராய்ச்சிதானே, அதற்கு ஏன் பயம்?" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன். நான் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள், மெர்பேங்கில் குடியிருக்கிறோம். இங்கே யாரும் ஆராய்ச்சிக்குப் பயப்படவில்லை. நம் தலைக்கு மேலே செய்யப் போவதை நம்மைக் கேட்காமல் முடிவு செய்யாதே என்கிறார்கள், அவ்வளவுதான்.

சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் சல்பர் டை ஆக்சைடைத் தூவினால் அது நுண்துளிகளாகி வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது உலகச் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்ததே, அதே வேலை. 2023 ஆகஸ்டில் ஆப்பிரிக்கச் சுற்றுச்சூழல் அமைச்சர்கள் இதைப் பயன்படுத்தாமலிருக்க உலக அளவில் ஏற்பாடு வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு நைரோபியில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் கூட்டத்தில், இதை ஆராய நிபுணர் குழு அமைக்கச் சுவிட்சர்லாந்து கொண்டுவந்த தீர்மானம் ஒத்த கருத்து இல்லாமல் திரும்பப் பெறப்பட்டது.

சல்பர் டை ஆக்சைடை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே வந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த காலத்தில் இந்தியர்களுக்கு ஒதுக்கிய பகுதி இது, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்திலேயே. ராத்திரி நெடி ஏறினால் என் மாமியார் கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளி உள்ளே போட்டு, ஈரத்துண்டை ஜன்னல் இடுக்கில் செருகுவார். என் மகன் படித்த வகுப்பில், டீச்சர் மேசை டிராயரைத் திறந்தால் பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டி ஆஸ்துமா பம்புகள் வரிசையாகக் கிடக்கும். எங்கள் பகுதித் தொடக்கப்பள்ளி ஒன்றில் பல்கலைக்கழகத்தார் ஆய்வு செய்தபோது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருப்பது தெரிந்தது. ஆலைக்குப் போன் போட்டால் "அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது" என்பார்கள். அளந்ததும் அவர்கள்தான்.

மேலே தூவுவதும் ஆலைப் புகையும் ஒன்றா என்று கேட்க வருபவர்களுக்கு: ஒன்றல்ல, தெரியும். நான் பேசுவது ரசாயனத்தைப் பற்றியல்ல, சம்மதத்தைப் பற்றி. 2021இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு இந்த ஆராய்ச்சிக்காக ஸ்வீடனின் கிருணாவில் பலூன் பறக்கவிடப் பார்த்தது. முதல் பயணத்தில் எதையும் தூவுவதாகக்கூட இல்லை. அங்குள்ள சாமி பழங்குடி மக்கள் தங்களைக் கேட்கவில்லை என்று எதிர்த்ததும் நின்றது, 2024இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

ஆராய்ச்சி இங்கேயும் நடக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் ரொமாரிக் ஒடூலாமி குழு 2020இல் கணினி மாதிரி வைத்துப் பார்த்தது. 2018இல் கேப்டவுனில் ஆளுக்கு 50 லிட்டர் என்று தண்ணீரை அளந்து செலவழிக்க வைத்த அந்த மாதிரி வறட்சி, இப்படித் தூவினால் இந்த நூற்றாண்டின் இறுதியில் வரும் வாய்ப்பு 90 சதவீதம் வரை குறையலாம் என்று வந்தது. ஆனால் வட அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் சாஹேல் பகுதி காய்ந்துபோகும் என்று 2013இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று சொல்லியிருக்கிறது. அப்புறம் எந்த ஊருக்கு மழை, எந்த ஊருக்கு வறட்சி என்று யார் முடிவு செய்வது?

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். கேப்டவுன் வறட்சியை உலகமே பேசியது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டின் குடிநீர் நிலையம் நாசமாகி, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாத்தனார் வீட்டுக்கு நாங்கள் காரில் கேன் கேனாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நம் ஜனம் இத்தனை பேர் இருக்கும் ஊர், தமிழ் ஊடகம் எதிலும் ஒரு வரி என் கண்ணில் படவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, உங்களுக்கு வருகிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கோவிந்தசாமி பாலா இந்தத் துறையில் ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டவர்களில் ஒருவர். வெயிலைக் குறைத்து வெப்பத்தைச் சரிக்கட்டினால் உலகச் சராசரி மழை குறையும் என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2008இலேயே எழுதிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு, இது ஆப்பிரிக்காவின் பயம் மட்டும்தானா என்று சொல்லுங்கள்.